வீடு சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான் மாணவர் நல அலுவலர். பேர் பெரிசு. வேலை என்னவென்றால், பிள்ளைகளுக்கு என்ன நடந்தாலும் முதல் போன் எங்களுக்கு வரும். சாப்பாட்டில் பல்லி கிடந்தாலும் எங்களுக்குத்தான், ஒருத்தி மயங்கி விழுந்தாலும் எங்களுக்குத்தான், காதலித்தவன் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினாலும் எங்களுக்குத்தான். பதிவாளருக்குக் கடைசியில்தான் விஷயம் போகும். அதுவும் பத்திரிகைக்காரர்கள் வந்த பிறகு.

புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. மேலே இருப்பவர்கள் மாநாட்டுக்கு விமானத்தில் போகிறார்கள். நடுவில் இருக்கிற எங்களுக்கு ஒரே ஒரு வாசகம்தான் உண்டு: "நீங்கள்லாம் சீனியர் மேடம், உங்களுக்குத் தெரியாதா?" அதைச் சொல்லியே எங்களை ஓட்டிவிடுகிறார்கள்.

இந்த வேலையில் கொஞ்ச வருஷம் தாண்டியவர்கள் எல்லோரிடமும் ஒரு பிள்ளை இருக்கும். உயிரோடு இல்லாத பிள்ளை. எங்கள் பேருந்துப் பொறுப்பாளர் மயிலம் திருப்பம் வந்தால் ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டார். மெஸ் சூபர்வைசர் ஒரு பையனின் பேரை யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கும் ஒருவன் இருக்கிறான். சான்றிதழ் வாங்க வந்தவன், "மேடம், உங்க ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது" என்று சிரித்துவிட்டுப் போனான். காய்ச்சல் வந்து அந்த வாரமே போய்விட்டான். அந்த மின்விசிறியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிவிட்டார்கள். சத்தம் மட்டும் எனக்கு நிற்கவில்லை. இதையெல்லாம் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. டீ குடிப்போம், போய்விடுவோம்.

நான் சொல்ல வந்தது பெண்கள் விடுதியின் துணை வார்டனைப் பற்றி. என்னைவிடச் சில வயது சின்னவள். புருஷன் எங்கேயோ இருக்கிறான், இருந்தும் பிரயோசனமில்லை. ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். விடுதியின் கீழ்த்தளத்தில் ஒரு அறையும் ஒரு சமையல் மேடையும் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வீடு அதுதான். வேலை போனால் வீடும் போகும்.

விடுதியில் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஊருக்குப் போகிற பெண்கள் வீடு சேர்ந்ததும் அவள் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லை, அவளாக ஆரம்பித்தது. போனில் காசு இல்லாத காலத்தில் ஆரம்பித்து, எல்லோரும் நாள் முழுக்க இலவசமாகப் பேசுகிற இந்தக் காலத்திலும் அப்படியே நடந்தது. ஏன் பேசாமல் மிஸ்டு கால் கொடுக்கிறீர்கள் என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "எடுத்தாங்கன்னா கிளாஸ் எடுப்பாங்க மேடம். துணி தொவைச்சியா, அம்மாக்கு ஒத்தாசை பண்ணியா, தலைக்கு எண்ணெ வெச்சியான்னு. அதான் ஜல்தியா கட் பண்ணிடுவோம்" என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மேசையில் அந்த போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு பெண் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுகிறாள் என்று அர்த்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி கிளம்பினாள். ஊர் பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம். அம்மாவே போன் செய்து, மாதா கோயில் தேர், அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருந்தார். மத்தியானம் பஸ் ஏறினாள். விழுப்புரத்தில் இறங்கி, ஊருக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தாள். அந்த ஆட்டோவை ஒரு லாரி இடித்தது. மிஸ்டு கால் வரவில்லை. ஒரு போலீஸ்காரரின் போன் வந்தது.

பல்கலைக்கழகம் செய்யவேண்டியதைச் செய்தது. இரங்கல் கூட்டம் போட்டார்கள். கறுப்பு பேட்ஜ் குத்தினார்கள். அறைத் தோழிகளுக்கு ஆலோசகர் வந்து பேசினார். மலர்வளையத்தோடு விளம்பரப் பிரிவு ஆள் ஊருக்குப் போனான். துணை வார்டன் போகக் கூடாது என்று பதிவாளர் சொல்லிவிட்டார். "யாரு அனுப்புனதுன்னு கேப்பாங்க. ஆக்சிடென்ட் கேஸ் வேற இருக்கு. ஹாஸ்டல் ஆளுங்க அந்தப் பக்கமே போகாதீங்க." அன்றைக்கும் விடுதியில் இட்லி பரிமாறியது அவள்தான். அடுத்த வெள்ளிக்கிழமை மேசையில் போன் மறுபடி அதிர்ந்தது.

அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீனியர் அல்லவா.

சில மாதம் கழித்துத்தான் நான் கவனித்தேன். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்பாள். போன் காதில் இருக்கும். வாய் அசையாது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவாள். புருஷனோடு ஏதோ பஞ்சாயத்து என்று நினைத்தேன். ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொண்ணு நம்பருக்குப் போடுறேன்க்கா" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

அவள் என்னைப் பார்த்தாள். எந்தப் பெண் என்று எனக்குப் புரிந்தது.

"ஸ்விட்ச் ஆஃப்னு அந்த கம்ப்யூட்டர் பொம்பள சொல்றா இல்ல, அத கேட்டா கொஞ்சம் நிம்மதியா இருக்குது. இன்னும் வழியில இருக்கறா மாதிரி."

"பைத்தியமாடி உனக்கு? அந்த நம்பர அழி மொதல்ல."

"சரிக்கா" என்றாள். அழிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியைத் தாண்டிப் போகும்போது நானும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். யாரோ ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னும் வந்துகொண்டே இருக்கிறாள் என்ற நினைப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் நிர்வாகத்தைக் கேட்க ஆரம்பித்தேன். கேட்டது மூன்று விஷயம். ஒரு பிள்ளை போனால் அந்தப் பொறுப்பில் இருந்தவருக்கு ஒரு வாரமாவது சம்பளத்தோடு விடுப்பு. எங்களுக்கென்று ஒரு டாக்டர். விடுதியை ஒரே ஆள் வருஷக்கணக்கில் பார்க்காமல் மாற்றி மாற்றிப் பார்ப்பது. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். கடைசியில் கொடுத்தார்கள். என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு நாள் பயிலரங்கம். மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்று ஒரு பேனர், அதில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி, ஆளுக்கு ஒரு சமோசா, சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர்.

அந்த மனுஷன் ஆளுக்கொரு பலூன் கொடுத்தான். மனசில் இருக்கிற பாரத்தையெல்லாம் அதில் ஊதச் சொன்னான்.

மெஸ் சூபர்வைசர் கேட்டார்: "சார், எங்கிட்ட இருக்கறதுக்கு இந்த பலூன் பத்தாது. லாரி டியூப் கெடைக்குமா?"

எல்லோரும் சிரித்தோம். பயிற்சியாளனும் சிரித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டி எல்லோருடைய போனையும் போடச் சொன்னான். துணை வார்டன் மட்டும் போடவில்லை.

"மேடம், ஒரு மணி நேரத்துல உலகம் நின்னுடாது."

"ஒங்க உலகம் நிக்காது சார்" என்றார் மெஸ் சூபர்வைசர். "அவங்களுது அஞ்சு நிமிஷத்துலயே நின்னுடும்."

பயிற்சியாளன் விட்டுவிட்டான். நாங்கள் ஊத ஆரம்பித்தோம். வயசான பொம்பிளைகளும் ஆம்பிளைகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு பலூன் ஊதுவதைப் பார்க்க வேண்டுமே. அப்போது அவள் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. ஒரே ஒரு தடவை. நின்றுவிட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். மெதுவாக எழுந்து நின்றாள்.

"வீட்டுக்குப் போயிட்டா" என்றாள்.

"யாரு மேடம்?" என்றான் பயிற்சியாளன்.

"பனமலப் பொண்ணு சார். இப்பத்தான் குடுத்தா."

பயந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். அத்தனை மாதமாக நான் பார்க்காத சந்தோஷம். பாதி ஊதின பலூனோடு எல்லோரும் அப்படியே இருந்தார்கள்.

நான் போனைப் பிடுங்கினேன். திரையில் செத்துப்போன பெண்ணின் பெயர் இருந்தது. பக்கத்தில் அவள் படித்த துறையும் அறை எண்ணும். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பெயரை இரண்டு தடவை படித்தேன். வராந்தாவுக்கு வந்து அந்த நம்பருக்கே போட்டேன். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். பின்னால் லாரிச் சத்தம்.

"அல்லோ! இன்னாம்மா, நீதான் தெனம் சாய்ங்காலம் ரிங் வுட்டுட்டு கட் பண்றதா?" ஆண் குரல்.

"நீங்க யாரு?"

"நல்லா கீதே! நீ போன் பண்ணிட்டு நான் யாருன்னு கேக்கற. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டில மூட்ட தூக்கறேன். மல்லாட்ட மூட்ட. போதுமா?"

"இந்த நம்பர் எப்ப வாங்குனீங்க?"

"போன மாசந்தான். பஸ் ஸ்டாண்டாண்ட கொட வெச்சிக்கினு சிம் விக்கிறான் பாரு, அவங்கிட்ட. வாங்குன நாள்லேர்ந்து உன்னோட ரோதன. எவடா அவன்னு எம் பொண்டாட்டி பேஜாரு பண்ணிக்கினு கீறா. அதான் யாருன்னு பாக்கலாம்னு நானே ஒரு மிஸ்டு கால் குடுத்தேன்."

விஷயம் அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் நம்பர் கொஞ்ச நாள் சும்மா கிடந்து, வேறு ஒருத்தருக்குப் போயிருக்கிறது. ஸ்விட்ச் ஆஃப் என்று சொல்கிற குரல் நின்று, ஒருநாள் திடீரென்று மணி அடித்திருக்கிறது. இவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் போட்டு, ஒரு மணி அடித்ததும் வைத்திருக்கிறாள்.

நான் அந்த ஆளிடம் உண்மையைச் சொன்னேன். இது ஒரு பெண்ணின் நம்பர், செத்துப்போய்விட்டாள், அவளுடைய விடுதி வார்டன்தான் போடுகிறார் என்று.

"சின்னப் பொண்ணாம்மா?"

"காலேஜ் பொண்ணு."

"அய்யோ பாவமே. எனுக்கும் ஒண்ணு கீது. பத்தாவது படிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் வோணா வேற நம்பர் மாத்திக்கட்டாம்மா?"

"வேணாங்க."

"சரி, இனிமே அவங்க பண்ணா நான் எடுக்கட்டுமா, வுட்டுடட்டுமா?"

போனை வைத்துவிட்டேன்.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "தெரியுங்க்கா" என்றாள். "ரிங் போனப்பவே வேற யாரோன்னு தெரியும். ஆனா பேரு அவ பேருதான வருது. பேரு வந்தா என்னா பண்றது நானு?"

பயிற்சியாளன் போகிற வழியில் பதிவாளர் அறைக்குப் போயிருக்கிறான். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"செத்தவங்க போன் பண்றாங்கன்னு சொல்றாங்களாமே மேடம். பொண்ணுங்க ஹாஸ்டல்ல இந்த மாதிரி ஒருத்தங்கள வெச்சிக்கிட்டிருந்தா பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்க?"

"லீவு குடுங்க சார். டாக்டர பாக்கட்டும். ஹாஸ்டல்லேர்ந்து வேற எடத்துக்கு மாத்துங்க."

"எடமில்லியே."

"இத்தன வருஷம் அந்த ஹாஸ்டல ஒத்த ஆளா தூக்கிக்கிட்டு நின்னாங்க சார்."

"அதுக்குத்தான சம்பளம் குடுத்தோம்? திங்கக்கெழம ராஜினாமா குடுத்துட்டா நல்ல சர்டிஃபிகேட்டா போட்டு அனுப்பிடலாம். நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. நீங்க சீனியர்."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அமைதியாக எழுந்து வந்திருப்பேன். "சொல்ல முடியாது சார், நீங்களே சொல்லுங்க" என்று கத்திவிட்டு வந்தேன். ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரியாமல் திங்கட்கிழமை வந்துவிடக் கூடாதல்லவா. விடுதி அறையில் அவள் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

அவள் மகளின் நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணோட அம்மாவப் பாக்கணும்க்கா. பாத்துட்டு வந்து எழுதித் தர்றேன்" என்றாள்.

போகக் கூடாது என்பது உத்தரவு. தெரிந்தால் எனக்கும் சேர்த்துத்தான் வேட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுப்புரத்தில் இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓர் இடத்தில் பஸ் மெதுவாகப் போனபோது கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடமா, வேறு இடமா, எங்கள் இருவருக்குமே தெரியாது. இடம் தெரியாததால் வழி முழுக்கவே அந்த இடமாகத்தான் இருந்தது. மலைமேல் கோயில் தெரிந்தது, ஏரியில் பாதித் தண்ணீர் கிடந்தது. இறங்கி, மாதா கோயில் தெரு எது என்று கேட்டு நடந்தோம்.

தொகுப்பு வீடு. வாசலில் பிடுங்கிய வேர்க்கடலைச் செடிகளைக் குவித்துப்போட்டு அந்த அம்மா மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். நிலத்துக்காரர் வீட்டுச் செடி, கூலிக்கு ஆய்கிறார். உள்ளே சுவரில் படமும் மாலையும் தெரிந்தன.

"யாரு?"

"ஹாஸ்டல் வார்டன்மா" என்றாள் அவள்.

அந்த அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மறுபடி குனிந்து செடியிலிருந்து காய்களைப் பிய்த்தார். முன்னைவிட வேகமாக.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

நாங்கள் நின்றோம்.

"மால வந்துச்சு. ஆள் ஒசரத்துக்கு பேனர் வந்துச்சு. போட்டா புடிக்கறதுக்கு ஒருத்தன் வந்தான். கொஞ்சம் தள்ளி நில்லும்மான்னு என்னியவே சொல்றான். எம் பொண்ணாண்ட பேசுனவங்க, சோறு போட்டவங்க ஒருத்தரு எட்டிப் பாக்கல."

"இவங்கள விடலைங்கம்மா, மேல இருக்கறவங்க" என்று நான் ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வந்திருக்கணும்மா" என்றாள். "வந்திருக்கணும்."

அந்த அம்மாவின் கை நின்றது. முந்தானையில் மண்ணைத் துடைத்தார்.

"நான்தான அனுப்பச் சொன்னேன், தேருக்கு. நீ அனுப்ப மாட்டன்னு சொல்லியிருந்தா, சரிதான் போன்னு வுட்டிருப்பேன். இவதான் கூப்ட்டு சாவடிச்சான்னு என்மேல கோவமா இருப்பீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதான் யாரும் வரலன்னு."

அவள் அப்படியே அந்தச் செடிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் யாரோ கோழியை விரட்டினார்கள்.

"சாப்ட்டுட்டுதான கெளம்புனா?" என்று கேட்டார் அந்த அம்மா. "வெறும் வயித்தோட போயிருப்பாளோன்னு அதுவே பூந்து பூந்து கொடையுது. யார கேக்கறது? அந்த போட்டாக்காரன கேக்க முடியுமா?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கை அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். அப்பளம் உடைந்ததாக வந்தது, முழு அப்பளம்தான் வேண்டும் என்று சமையல்காரம்மாவிடம் சண்டை. அவர், "ஒங்க மாமியா வூட்ல கேளு முழு அப்பளம்" என்றார். "அங்க நான் எதுக்கு கேக்கறேன், நானே எடுத்துக்குவேன்" என்று இவள் சொல்ல, வரிசையே சிரித்தது. தலைக்குக் குளித்திருந்தாள். பச்சைச் சுடிதார். செருப்பு வார் அறுந்து, அறைத் தோழியின் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "மேடம், ஊர்லேர்ந்து மல்லாட்டை கொண்டாறேன், வறுத்ததா அவிச்சதா?" என்று கேட்டாள்.

"நீ இன்னா சொன்ன?"

"அவிச்சதுன்னு சொன்னேம்மா."

அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "வறுத்ததுன்னா அவளே தின்னுப்புட்டு வெறுங்கைய வீசிக்கினு வருவா" என்றார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், எதிர்வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற புருஷனைக் கூட்டிவரச் சொன்னார். எங்களைப் பார்த்து, "போயிடாதீங்க. அவுரு வரட்டும். மொதல்லேர்ந்து சொல்லணும்" என்றார்.

அவர் வந்தார். அவள் முதலிலிருந்து சொன்னாள். அவர் தலை குனிந்தபடியே கேட்டார். அப்பளச் சண்டை வந்ததும், "இன்னொரு தபா சொல்லுங்க அத" என்றார். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. அதைப் பற்றி அங்கே பேச்சே வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "ராஜினாமா எழுத மாட்டேங்க்கா. ஹாஸ்டலும் வேணாம். ரெண்டையும் நானே போய்ச் சொல்றேன்."

திங்கட்கிழமை அவள் உள்ளே போனாள், நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"பனமலைக்குப் போயிட்டு வந்தேன் சார்."

"யாரக் கேட்டுப் போனீங்க?"

"யாரயும் கேக்கல. கேட்டா விட மாட்டீங்க. ஹாஸ்டல் இனிமே என்னால முடியாது சார். ராஜினாமாவும் பண்ண மாட்டேன். தப்பு செஞ்சேன்னா எழுத்துல குடுத்து அனுப்புங்க. இல்லன்னா வேற வேல குடுங்க."

அவர் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. அந்த விபத்து கேஸ் இன்னும் நடக்கிறது, அதில் பல்கலைக்கழகத்தின் பேர் வந்துவிடும் என்று எழுத்தில் கொடுக்க அவருக்குத்தான் பயம். வேறு வேலையும் கொடுக்கவில்லை. விடுதி அறையை மட்டும் உடனே காலி செய்யச் சொன்னார்கள். கோலியனூரில் ஒரு சின்ன போர்ஷன் பார்த்து மகளோடு போய்விட்டாள். வெயில் காலத்தில் அந்த வீடு அடுப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் சாவி அவள் கையில் இருக்கிறது.

விடுதிக்கு இப்போது படிப்பை முடித்துவிட்டு நேராக வந்த ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். பாதிச் சம்பளம். வெள்ளிக்கிழமைகளில் போன் அவள் மேசையில் அதிர்கிறது. நான் கேட்ட மூன்றையும் இப்போதும் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறேன். நான் வாயைத் திறந்ததும் சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அவள் தினமும் என் அலுவலகத்துக்கு வருகிறாள். நான்தான் உட்காரச் சொன்னேன். ஒரு டாக்டரைப் பார்க்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், தூக்கம் கொஞ்சம் வருகிறது. சில சாயங்காலம் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடி வேலையைப் பார்ப்போம். அவளுக்கு உத்தரவு இன்னும் வரவில்லை. சம்பளம் பழைய கணக்கிலேயே வருகிறது, எந்த மாதம் நிற்கும் என்று தெரியாது.

போன வாரம் பதிவாளர் எங்கள் வராந்தா வழியாகப் போனார். கதவருகே நின்று அவளைப் பார்த்தார்.

"நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்" என்றாள். எதிரே அழுதுகொண்டிருந்த ஒரு முதல் வருஷப் பையனிடம் திரும்பி, "நீ சொல்லுப்பா" என்றாள்.